காரைக்குடியில் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் பேக்கேஜ்: ரத்தம் எடுத்தது அருமை, ரிப்போர்ட்தான் தகராறு

மூன்று நட்சத்திரம். ரத்தம் எடுத்த வேலைக்கு மட்டும் கேட்டால் ஐந்தும் கொடுப்பேன், ரிப்போர்ட்டுக்கு மட்டும் என்றால் ஒன்று கொடுப்பதே அதிகம். லேப் பெயரைப் போடவில்லை. இதே சரக்கை இப்போது ஊர் ஊருக்கு வேறு வேறு பெயரில் விற்கிறார்கள், நான் சொல்லப்போகிற குறை அந்த ஒரு கடையோடு நிற்கிற குறையும் இல்லை.

வாங்கியது என்ன என்றால், உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாமல் போவதை, அதாவது இன்சுலின் ரெசிஸ்டன்ஸைப் பார்த்து, "சுகர் வருவதற்கு முன்பே கண்டுபிடியுங்கள்" என்று நோட்டீஸ் அடித்து விற்கிற ஒரு பேக்கேஜ். வெறும் வயிற்றுச் சுகர், மூன்று மாதச் சுகரின் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி, வெறும் வயிற்று இன்சுலின், சுகரையும் இன்சுலினையும் வைத்துக் கணக்குப் போட்டு எடுக்கும் ஹோமா-ஐஆர், கொழுப்பு, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், அப்புறம் புரோட்டீன் மார்க்கர் என்று தனித் தலைப்பில் சிஆர்பி, கொழுப்பு அணு சுரக்கும் அடிபோனெக்டின், லெப்டின், அப்புறம் ஃபெரிட்டின். ஆளுக்கு நாலாயிரத்தை ஒட்டி வந்தது. எனக்கு, வீட்டம்மாவுக்கு, அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்று மூன்று பேருக்கும் சேர்த்துப் போட்டோம். அப்பச்சிக்கு ரொம்ப வருஷமாகச் சுகர், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். எனக்கு நாற்பத்து நாலு வயது, மாத்திரை எதுவும் இல்லை. வீட்டம்மாவுக்குச் சோர்வு, முடி கொட்டல் என்று ஏதேதோ இருந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறரைக்கு வருவதாகச் சொன்ன தம்பி ஆறரைக்கு வந்து முகப்பில் நின்றார். ஊசி போட்டுக்கொள்கிற வயதானவர் வெறும் வயிற்றோடு காத்திருக்கிற வீட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, லேப் ஆள் வருவதற்குள் சுகர் இறங்கி வியர்த்துப்போன பெரியவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "அய்யா, கையை லேசா நீட்டுங்க, ஒரே குத்துதான்" என்று பேசிக்கொண்டே எடுத்தார். சுகருக்குச் சாம்பல் மூடி ட்யூப், அதில் ஃப்ளோரைடு இருக்கும். அது இல்லாமல் ரத்தத்தைச் சும்மா வைத்தால் அதிலுள்ள அணுக்களே மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை சுகரைத் தின்றுவிடும், ரிப்போர்ட்டில் நல்ல பிள்ளை போல ஒரு எண் வரும். இன்சுலினுக்கு எடுத்ததை ஐஸ் பெட்டியில் வைத்தார். இங்கேயே சுற்றிப் பிரித்து, தெளிந்ததை மட்டும்தான் சென்னைக்கு அனுப்புவோம் என்றும் கேட்டதற்குச் சொன்னார்.

அப்பச்சியின் நரம்பு கிடைப்பது கஷ்டம். முதலில் எடுத்த ரத்தத்தில் சிவப்பணு உடைந்துபோயிருக்கிறது என்று மதியமே போன் செய்தார்கள். மறுநாள் காலையில் காசு வாங்காமல் மறுபடி வந்து எடுத்தார்கள். இதைச் சும்மா விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. சிவப்பணு உடைந்தால் அதற்குள் இருக்கிற ஒரு நொதி வெளியே வந்து இன்சுலினைச் சிதைக்கும், அளவு குறைத்துக் காட்டும். தூக்கிப்போட்டுவிட்டுத் திரும்ப எடுத்தார்களே, அதற்காகவே அந்தக் கிளையில் வேலை செய்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை. கவுண்டரில் இருந்த பெண்ணும் வீட்டம்மாவிடம் "ஆச்சி, முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டது. பயோட்டின் மாத்திரை இந்த மாதிரிச் சோதனைகள் சிலவற்றைக் குழப்பிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2017-ல் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்து வரச் சொன்னார்கள், சரி என்று அப்படியே செய்தோம்.

ரிப்போர்ட் வாட்ஸப்பில் பிடிஎஃப் ஆக வந்தது. ஆளுக்கு இருபது பக்கத்துக்குக் குறையாது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று முள் வைத்த மீட்டர் படங்கள். இங்கேதான் தகராறு தொடங்குகிறது.

என் ரிப்போர்ட்: வெறும் வயிற்றுச் சுகர் 108, இன்சுலின் 14.2. இரண்டையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் ஹோமா-ஐஆர், எனக்கு 3.8 சொச்சம். இது ஆக்ஸ்ஃபோர்டில் 1985-ல் வந்த கணக்கு. விஷயம் எளிது. எங்கள் ஊரின் நீளமான வீடுகளில் முகப்பில் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் அடுப்படியில் இருப்பவருக்குக் கேட்காது, கத்தித்தான் கூப்பிட வேண்டும். கல்லீரலும் தசையும் இன்சுலினுக்குச் சரியாகக் காது கொடுக்காதபோது கணையம் அப்படித்தான் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறது. அதனால் சுகர் சுமாராக இருக்கும், உள்ளே இன்சுலின் ஏறியிருக்கும். ரத்தத்தில் இன்சுலினை முதன்முதலில் துல்லியமாக அளந்த ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1960 வாக்கிலேயே, பெரியவர்களுக்கு வரும் சுகரில் பலருக்கு இன்சுலின் குறையவில்லை, கூடத்தான் இருக்கிறது என்று காட்டிவிட்டார்கள். அந்த அளவிடும் முறைக்காக யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆக, எனக்கு வந்த எண் பொய்யில்லை. ஆனால் இன்சுலினை அளக்கும் முறை லேபுக்கு லேப் ஒரே மாதிரி இல்லை, இந்த எண்ணுக்கு மேல் போனால் ஆபத்து என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட கோடும் இல்லை. சுகர் வியாதி இருக்கிறதா என்று முடிவு செய்வது இன்சுலினை வைத்து இல்லை, சுகரையும் எச்பிஏ1சியையும் வைத்துத்தான்: வெறும் வயிற்றில் 126, எச்பிஏ1சி 6.5. எனக்கு எச்பிஏ1சி 6.1, ஊர்மொழியில் 'பார்டர்'. மீட்டர் படமோ என்னவோ நாளைக்கே விழுந்துவிடுவேன் என்கிற மாதிரி சிவப்பில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது.

அடுத்தது சிஆர்பி. இது கல்லீரல் சுரக்கும் ஒரு புரோட்டீன். தொப்பைக்குள் இருக்கிற கொழுப்பு சும்மா கிடக்கிற கொழுப்பு இல்லை. அங்கே பாதுகாப்பு அணுக்கள் குடியேறி ஐஎல்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா என்று சில புரோட்டீன்களைக் கக்குகின்றன. ஒன்று கல்லீரலைத் தூண்டி சிஆர்பியை ஏற்றும், இன்னொன்று இன்சுலின் சொல்லும் சேதி அணுவுக்குள் போய்ச் சேராமல் தடுக்கும். அதனால் சுகர், தொப்பை, இதயம் எல்லாவற்றோடும் சிஆர்பிக்குத் தொடர்பு உண்டு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே நல்லது, 3-க்கு மேல் கவனம். எனக்கு வந்தது 11.6. ரிப்போர்ட் "இதய நோய் அபாயம் மிக அதிகம்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, அடுத்த பக்கத்திலேயே இதயத்துக்கு இன்னொரு பேக்கேஜ் விளம்பரத்தையும் போட்டிருந்தது.

அந்த வாரம் எனக்குப் பல் ஈறு வீங்கிக் கன்னம் உப்பியிருந்தது. 10-க்கு மேல் வந்தால் உடம்பில் எங்கோ தொற்றோ வீக்கமோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அது அடங்கிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும் என்பது இந்தச் சோதனையின் பால பாடம். தேவகோட்டையில் நாங்கள் பார்க்கிற டாக்டர் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பேனாவால் அடித்தார். பயோட்டினைக் கேட்கத் தெரிந்த லேபுக்கு "காய்ச்சல், பல்வலி, சளி ஏதாவது இருக்கிறதா" என்று ஒரு கட்டம் படிவத்தில் சேர்க்க என்ன கஷ்டம்? ஈறு ஆறிய பிறகு தனியாக எடுத்ததில் 2.3.

இனி அடிபோனெக்டின். பேக்கேஜின் விலையைத் தூக்குவது இதுதான் என்று நினைக்கிறேன். கேட்பதற்கு நல்ல கதை. கொழுப்பு அணுவே சுரக்கிற புரோட்டீன், ஆனால் தொப்பை கூடக்கூட இது குறைகிறது. இது நிறைய இருந்தால் தசை கொழுப்பை எரிக்கும், இன்சுலின் சொன்னதைக் கேட்கும். 1990-களின் நடுவில் கண்டுபிடித்தார்கள். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு வெள்ளைக்காரர்களைவிடக் குறைவாகவே இருப்பதும் உண்மை. ஆராய்ச்சிக்கு அருமையான சரக்கு. எனக்குக் குறைவு என்று வந்தது. சரி, குறைவு. அதற்கு என்ன செய்வது? நட, தொப்பையைக் குறை, அரிசியைக் குறை. இது இல்லாமலும் டாக்டர் அதைத்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் அப்பச்சியின் ரிப்போர்ட்டைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. அவருக்கு அடிபோனெக்டின் நிறைய. முள் பச்சையில், பக்கத்தில் கட்டைவிரல் உயர்த்திய படம், "உங்கள் வளர்சிதை மாற்றம் சிறப்பாக உள்ளது" என்று தமிழிலேயே ஒரு வரி. அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துவிட்டு, மூன்று நாளாக வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். அதே ரிப்போர்ட்டில் இரண்டு பக்கம் தள்ளி கிரியாட்டினின் 1.6. கிட்னி மந்தமானால் அடிபோனெக்டின் ரத்தத்தில் ஏறும். இதயம் தளர்ந்தவர்களுக்கும் அப்படித்தான். அவருக்கு அது ஏறியிருப்பது சந்தோஷப்படுகிற ஏற்றமே இல்லை. இரண்டு எண்ணையும் ஒரே கம்ப்யூட்டர்தான் அச்சடிக்கிறது, ஒன்றை மற்றொன்றோடு சேர்த்துப் பார்க்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கீழே ஒரு டாக்டரின் கையெழுத்து, அதுவும் அச்சு.

இன்னொன்று, அப்பச்சிக்கு ஹோமா-ஐஆரே போட்டிருக்கக் கூடாது. வெறும் வயிற்றுச் சுகர் 164, இன்சுலின் 23 என்று வைத்து 9.3 என்று அச்சடித்துவிட்டார்கள். அந்த 23-ல் அவர் கணையம் சுரந்தது எவ்வளவு, முந்தின ராத்திரி ஊசியில் ஏற்றியது எவ்வளவு? பிரிக்கவே முடியாது. போதாததற்கு, சில சோதனை முறைகள் ஊசி மருந்தையும் இன்சுலினாக எண்ணும், சில எண்ணாது. ஊசி போடுகிறவருக்கு அந்தக் கணக்கு அர்த்தமில்லாதது. பதிவு செய்யும்போதே அவர் ஊசி போடுவதைப் படிவத்தில் எழுதிக்கொடுத்தோம், அதை வாங்கிக்கொண்டுதான் இந்தப் பேக்கேஜை அவருக்கும் விற்றார்கள்.

அவருக்குத் தேவைப்பட்டிருக்கக்கூடியது சி-பெப்டைடு. கணையம் முதலில் ஒரு நீளமான சங்கிலியாகத்தான் புரோட்டீனைச் செய்கிறது. அதை வெட்டும்போது ஒரு இன்சுலினுக்கு ஒரு சி-பெப்டைடு என்று சமமாக வெளியே வரும். ஊசி மருந்தில் சி-பெப்டைடு கிடையாது. அதனால் ரத்தத்தில் இருப்பது முழுக்க நம் சொந்தச் சரக்கு, கணையத்தில் இன்னும் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்பது தெரியும். இன்சுலின் சில நிமிடங்களில் பாதியாகக் கரைந்துவிடும், சி-பெப்டைடு அரை மணி நேரம்போலத் தாக்குப்பிடிக்கும் என்பது கூடுதல் வசதி. ஆனால் இதையும் கிட்னிதான் வெளியேற்றுகிறது, கிரியாட்டினின் கூடியவருக்கு அதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். டாக்டர் எழுதிக்கொடுத்து அதே லேபில் தனியாக எடுத்தோம், விலை பேக்கேஜில் ஒரு சிறு பங்குதான்.

வீட்டம்மாவுக்கு எச்பிஏ1சி 5.9 என்று வந்து, சுகர் வரப்போகிறது என்று மஞ்சள் மீட்டர். வெறும் வயிற்றுச் சுகர் 89, இன்சுலின் குறைவு, ஹோமாவும் ஒன்றரைக்குக் கீழே. ஃபெரிட்டின் 7, அதாவது இரும்புச்சத்துக் கையிருப்பு காலி. அதற்கு ஒரு சிவப்பு மீட்டர், எச்பிஏ1சிக்கு ஒரு மஞ்சள் மீட்டர், இரண்டுக்கும் நடுவில் ஒரு பேச்சும் இல்லை. இரும்புச்சத்து இல்லாத சோகையில் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கொஞ்சம் கூடக் காட்டும் என்பது எந்தச் சுகர் டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். ஹீமோகுளோபின் பார்க்கலாம் என்றால் அது பேக்கேஜிலேயே இல்லை! லெப்டின் இருக்கிறது, ஹீமோகுளோபின் இல்லை. வெளியில் பார்த்ததில் 9.4. சோர்வுக்கும் முடிக்கும் காரணம் அங்கேதான் இருந்தது.

இல்லாத இன்னொன்று சிறுநீரில் ஆல்புமின். சுகர் உள்ளவருக்குப் புரோட்டீன் சோதனை என்று ஒன்றே ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே கிட்னி கசிய ஆரம்பிப்பதை இது காட்டும், ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் கவனிக்க வேண்டும். அதிகச் செலவும் இல்லை, அதைப் பார்த்து மாத்திரையை மாற்றவும் முடியும். "அட்வான்ஸ்டு" என்று பெயர் வைத்த பேக்கேஜில் இதற்கு இடமில்லை.

என்னைப் பொறுத்தவரை ஒல்லி என்று எல்லாரும் சொல்வார்கள், எடை எழுபதைத் தாண்டியதில்லை. ஆனால் இடுப்பு 96 சென்டிமீட்டர். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் தங்கள் இருவர் படத்தையே பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார்கள்: இருவருக்கும் உயரத்துக்கான எடைக் குறியீடு அதே 22.3, ஆனால் உடம்பில் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம் ஆளுக்கு 21.2. நம் ஊர் உடம்பு வாகு அது. சென்னையில் டாக்டர் மோகன் குழு 2005-ல் போட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணுக்கு ஊசியே வேண்டாம், இஞ்ச் டேப் போதும். வயதுக்கு எனக்கு 20, இடுப்புக்கு 10, உட்கார்ந்தே இருக்கிற வேலைக்கும் உடற்பயிற்சி இல்லாததற்கும் 30, அப்பச்சிக்குச் சுகர் என்பதால் 10. மொத்தம் 70. 60-ஐத் தொட்டாலே அபாயம். நாலாயிரம் சொன்னதை இது ஓசியில் சொல்லிவிட்டது. கொழுப்பு ரிப்போர்ட்டிலும் ட்ரைகிளிசரைடு 212, நல்ல கொழுப்பு 34, ஆறு மடங்கு. மூன்று மடங்கைத் தாண்டினாலே இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படுவார்கள். பின்கழுத்தில் கருமை வேறு. அழுக்கு என்று வீட்டில் நார் போட்டுத் தேய்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது இன்சுலின் அதிகமாக இருப்பதன் அடையாளமாம், தேய்த்தால் போகாது.

ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு உணவுப் பட்டியல். அவகாடோ, ப்ரோக்கோலி, கினுவா. காரைக்குடியில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்! காலையில் வெள்ளைப் பணியாரமும் இடியாப்பமும், சாயந்திரம் கந்தரப்பம், விசேஷ வீட்டுக்குப் போனால் இலையில் கவுனி அரிசி என்று இருக்கிற ஊருக்கு இட்லியைப் பற்றிக்கூட அதில் ஒரு வார்த்தை இல்லை. கவுனி அரிசி சுகருக்கு நல்லது என்று இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. கருப்பு நிறம் ஆந்தோசயனின்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை வேக வைத்துச் சர்க்கரை, நெய், தேங்காய்ப்பூ போட்டுக் கிளறி இரண்டு கரண்டி வைத்தால் நல்லது எங்கே நிற்கும்? பட்டியலில் எழுத வேண்டியது இது. அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கிற மண்டி, பருப்பு, கீரை, ஆட்டுக்கறியைவிட மீன், சோறு எந்த அளவு, பலகாரம் எத்தனை. டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில் பார்டரில் இருந்த 531 பேரில், சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சுகர் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் கிட்டத்தட்ட அதே பலன்தான். அவகாடோ வாங்கித் தின்ற கதை இல்லை அது, நம் ஆட்கள் நம் சாப்பாட்டை மாற்றிய கதை.

ரிப்போர்ட்டோடு இலவசமாக ஒரு போன் ஆலோசனையும் உண்டு. பேசியவர் என் எண்களைப் படித்துக் காட்டிவிட்டு ஒரு டப்பா பவுடரில் கொண்டுபோய் நிறுத்தினார். வைத்துவிட்டேன். அப்பச்சியின் ரிப்போர்ட்டில் அந்த ஹோமா வரியையும் கட்டைவிரல் படத்தையும் எடுத்துவிட்டு அனுப்பச் சொல்லி மெயில் போட்டதற்கு, கம்ப்யூட்டர் தானாகப் போடுவது, மாற்ற முடியாது என்று பதில்.

ஒரு முறை வெறும் வயிற்றுச் சுகர் மட்டும் பார்க்க வேண்டியவர்கள் அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் காசே இல்லை. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள். தனியாரில்தான் எடுப்பேன் என்றால் டாக்டர் எழுதின சீட்டோடு போங்கள். நான் அடுத்த முறையும் இதே கிளைக்குத்தான் போனேன், அந்தத் தம்பியின் கைக்காக. சுகர், எச்பிஏ1சி, கொழுப்பு எனக்கும், ஹீமோகுளோபின் வீட்டம்மாவுக்கும், கிரியாட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் அப்பச்சிக்கும் என்று சீட்டை நீட்டினேன். "தனித்தனியா எடுத்தா பேக்கேஜ் தள்ளுபடி கிடைக்காது சார்" என்றது கவுண்டர் பெண். தள்ளுபடி இல்லாமல் மூன்று பேருக்கும் சேர்த்து வந்த பில், முன்பு ஒரு ஆளுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.